இருபத்தெட்டு மிஸ்ட் கோல்

போன கிழமை கடைக்கு ஒரு அம்மா வந்தவ. பேத்தியின்ர பிறப்புச் சான்றிதழ் ரெண்டு கொப்பி அடிக்கோணுமாம். மெசின் சூடாகும்வரைக்கும் கதிரையில இருந்துகொண்டு, "பிள்ளை, நீர்தானே வட்டக்கச்சியில உழவு மிசின் வச்சிருக்கிற பெடியன்ர தமக்கை? கனடாப் பொம்பிளை விசாவைக் கெடுத்துப்போட்டுப் போனாளே, அந்தப் பெடியன்?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "பாவம் பெடியன்" எண்டா. நான் ஒண்டும் கதைக்கேல்ல. நாப்பது ரூபா எண்டன், தந்திட்டுப் போட்டா. பின்னேரம் கடை பூட்டும்வரைக்கும் அந்தப் "பாவம்" மீன்முள்ளு மாதிரித் தொண்டைக்குள்ளேயே நிண்டுது.

ஒரு வருசத்துக்கு மேலாச்சு. எங்கட ஊரில இந்தக் கதை ஒரு மாதிரித்தான் ஓடுது: வெளிநாட்டுக்காரி வந்தாள், கட்டினாள், ஆசை காட்டினாள், மெடிக்கல் எல்லாம் முடிஞ்ச பிறகு கையெழுத்தைத் திருப்பி எடுத்திட்டாள். தம்பி அவவுக்கு அடிச்ச கதையும் அதுக்குள்ள எங்கயோ கிடக்குத்தான், ஆனா அண்டைக்கு மழை பெய்தது எண்டு சொல்லுற மாதிரி, இடையில வந்து போயிடும். நான் அந்த வீட்டிலதான் இருந்தனான். பக்கத்து அறையில. அதால ஒருக்கா முழுசா எழுதிப் பாப்பம் எண்டு நினைச்சன்.

பைல் கட்டின கதை

கடை ஏ9 வீதியில, கிளிநொச்சி டவுனுக்குக் கிட்ட. போட்டோக்கொப்பி, டைப்பிங், லமினேற்றிங், ஒன்லைன் அப்ளிகேசன். வன்னியில இந்தத் தொழில் செய்யிறவைக்குத் தெரியும், பாதி உழைப்பு வெளிநாட்டுப் பைலிலதான். காணி உறுதி, பொலிஸ் ரிப்போட், கலியாண எழுத்துச் சேர்ட்டிபிக்கற், விதானையாரின்ர கடிதம். 2009ல சனம் உடுத்த உடுப்போட முள்ளிவாய்க்காலால வந்ததால எங்கட பக்கத்துப் பைல் எல்லாத்திலயும் ஒரு ஓட்டை இருக்கும், ஆரின்ரயோ பிறப்புச் சான்றிதழ் இருக்காது, பள்ளிக்கூட ரிப்போட் இருக்காது, பழைய படம் ஒண்டும் இருக்காது. அதை எப்பிடி அடைக்கிறது எண்டு எனக்குக் கைவந்த கலை. கனடாவில இருக்கிறவர் கட்டினவரை அங்க கூப்பிடுற ஸ்பொன்சர் எண்டால் இன்னும் நல்லாத் தெரியும். கலியாணம் உண்மையானது எண்டு காட்டுறதுக்குப் படம் கேப்பினம், இருபதுக்கு மேல வேண்டாம் எண்டும் சொல்லுவினம். ரெண்டு பேரும் கதைச்சதுக்கு ஆதாரம் பத்துப் பக்கம். அந்தப் பத்துப் பக்கத்தைத் தெரிஞ்செடுக்கிறதிலதான் கெட்டித்தனம் இருக்கு. சண்டை வரக்கூடாது, காசுக்கதை வரக்கூடாது, "சாப்பிட்டியா" எண்டு நாலஞ்சு இடத்தில வரோணும்.

தம்பின்ர பைலும் நான்தான் கட்டினது. பொம்பிளை தர்மபுரம் ஆக்கள். மெனிக் பாம் முகாமில இருந்து வந்த பிறகு குடும்பமாக் கனடாவுக்குப் போனவை. அவ ஸ்காபரோவில ஒரு முதியோர் இல்லத்தில இரவு வேலை. பெரியம்மா வழியாப் பேசி, 2022 ஆவணியில எழுத்தும் தாலிகட்டும் ஒரே நாளில நடந்தது. சீதனம் ஒண்டும் வாங்கேல்ல எண்டு அம்மா இண்டைக்கும் பெருமையாச் சொல்லுவா. கனடாதான் சீதனம் எண்டு எங்களுக்குள்ள எல்லாருக்கும் தெரியும், அதை ஆரும் வாய் திறந்து சொல்லுறதில்ல, அவ்வளவுதான்.

2023 வைகாசியில அவ திரும்ப வந்து நிண்டவ. வற்றாப்பளைப் பொங்கலுக்கு எல்லாரும் வானில போனம். உப்புத் தண்ணியில விளக்கெரியிறதைப் பாக்க அவவுக்குச் சின்னனில இருந்து ஆசையாம். அந்தப் பயணத்துப் படங்கள் பைலுக்கு நல்லா உதவிச்சு. ஆடியில பைலைப் போட்டம். 1,080 டொலர், கைரேகைக்கு வேற 85. எல்லாம் அவவின்ர காசு. மாமியார் வீட்டு ஆக்கள் இந்தக் கலியாணத்தை எப்பிடி ஏற்றுக்கொண்டினம் எண்டு காட்டுறதுக்கு நானும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வச்சன். "என் தம்பி பொறுமையானவர், மனைவி மேல் மிகுந்த அன்பு கொண்டவர்" எண்டு. இங்கிலீசில அது இன்னும் வடிவா இருந்தது.

கதைச்ச ஆதாரம் பத்துப் பக்கத்தில ஒன்பதாம் பக்கம் எனக்கு நல்ல ஞாபகம். வட்ஸ்அப் கோல் லிஸ்ற். ஒரே இரவில தம்பி அவவுக்கு இருபத்தெட்டுத் தரம் எடுத்திருக்கிறான். எல்லாம் சிவப்பு, மிஸ்ட் கோல். அவ வேலையில நிண்டவ, ஃபோன் லொக்கரில. அதைக் கண்டவுடன எனக்கு என்ன தோணினது எண்டால், ஆ, இது நல்ல ஆதாரம், இவ்வளவு தரம் எடுக்கிறான் எண்டால் எவ்வளவு பாசம். கலரில பிறின்ற் எடுத்தன். சிவப்பு வடிவாத் தெரியோணும் எண்டு.

பக்கத்து அறை

2024 மார்கழிக் கடைசியில அவ மூண்டாம் தரம் வந்தவ. தம்பின்ர மெடிக்கல் கொழும்பில முடிஞ்சிட்டுது. இனி விசா குத்தப் பாஸ்போட் கேக்கிறதுதான் மிச்சம் எண்டு வீட்டில எல்லாரும் அந்தக் கதைதான். தம்பி அந்தக் காலபோகமும் விதைக்கேல்ல. போறவன் ஏன் விதைப்பான் எண்டு வயலைக் குத்தகைக்கு விட்டிட்டான், அதுக்கு முதல் வருசமும் அப்பிடித்தான். இரணைமடுத் தண்ணி வாய்க்கால் முட்ட ஓடுது, இவன் சந்தியில நிண்டு ஃபோன் பாத்துக்கொண்டு நிக்கிறான்.

அண்டைக்கு இரவு பத்தரை இருக்கும். மகளைப் படுக்க வச்சிட்டு நானும் சரிஞ்சனான். அடுத்த அறையில முதல் கதை, பிறகு சத்தம், பிறகு ஒரு அடி. அடி எண்டு அடையாளம் தெரியிற சத்தம். கதவு அடிபட்டதோ சாமான் விழுந்ததோ எண்டு குழம்ப இடமில்ல. பிறகு இன்னொண்டு. அவ கத்தேல்ல. அதுதான் என்னால மறக்க ஏலாமக் கிடக்கு, அவ கத்தியிருந்தால் நான் எழும்பியிருப்பன் எண்டு எனக்கு நானே இப்பவும் சொல்லிக்கொள்ளுறன். மகள் எழும்பி "அம்மா, மாமிக்கு என்ன?" எண்டு கேட்டாள். "ஒண்டுமில்ல, சாமான் விழுந்தது, படு" எண்டன். ஏழு வயசுப் பிள்ளை. அவள் என்னைப் பாத்த பார்வையில நம்பேல்ல எண்டது தெரிஞ்சுது, ஆனா பேசாமத் திரும்பிப் படுத்திட்டாள். வீட்டில இதுக்கெல்லாம் பேசாமப் படுக்கிறதுதான் பழக்கம் எண்டு அண்டைக்கு அவள் என்னட்டத்தான் பழகினவள்.

விடிய அம்மா குசினியில தேங்காய் திருவிக்கொண்டு, "புருசன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ இடையில போகாத" எண்டா. நான் கேக்கவே இல்ல, தானாச் சொன்னா. மச்சாள் கிணத்தடியில முகம் கழுவிக்கொண்டு நிண்டவ. இடப்பக்கக் காது தடிச்சுச் சிவந்து, நான் கூப்பிட்டது முதல் தரம் கேக்கேல்ல. என்ன நடந்தது எண்டு கேட்டன். வேலையிடத்து குறூப் படத்தில பக்கத்தில நிக்கிறது ஆர் எண்டு துவங்கினதாம். பாஸ்போட்டையும் பறிச்சு வச்சிட்டானாம். இது முதல் தரமில்லையாம், வற்றாப்பளையால வந்த இரவும் அடிச்சவனாம். ஆடியில பைல் போடேக்க ஏன் பிள்ளை சொல்லேல்ல எண்டு கேட்டன். "வெக்கமா இருந்தது அக்கா" எண்டா. "பைலைக் கட்டிக்கொண்டிருந்தது நீங்கள்தானே."

பாஸ்போட் எங்க இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். சின்னனில இருந்து அவன் ஒளிக்கிற சாமான் எல்லாம் ஒரு இடத்திலதான். அவன் சந்திக்குப் போன நேரம் பாத்து உழவு மிசினின்ர டூல்ஸ் பெட்டியைத் திறந்தன், ஒயில் துணியில சுத்திக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் அவவின்ர கையில குடுத்தன். அதைச் செய்தது துணிவில எண்டு நினையாதேங்கோ. அதுக்குள்ள வேற ஒருத்தரும் வராத நேரமா இருந்தது, அவ்வளவுதான்.

கடையில நடந்தது

ரெண்டு நாள் கழிச்சுக் கடைக்கு வந்தவ. ஆஸ்பத்திரித் துண்டை ஸ்கான் பண்ணோணும் எண்டா. கண்ணாடியில வச்சு மூடியை மூடினன். அந்த வெளிச்சம் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போய் முடியிறதுக்குள்ள சொல்லிப்போட்டா. "அக்கா, நான் பைலைத் திருப்பி எடுக்கப் போறன். உங்களுக்குத் தெரியாமச் செய்ய விருப்பமில்ல."

எனக்குக் கால் ஆடினது. அந்த நேரம் அவவின்ர காது என்ர நினைப்பில இல்ல, அம்மாவும் தம்பி விடாத விதைப்பும்தான் நிண்டுது. உண்மையைச் சொல்லோணும். ஊரில எல்லாரும் சொல்லுறதைத்தான் நானும் சொன்னன். கொஞ்சம் பொறும் பிள்ளை, இஞ்ச வேலையில்லாம நிக்கிறதால வாற மூளைக்குழப்பம், அங்க வந்து வேலைக்குப் போனால் மாறிடுவான், அவனும் செல்லடிக்குள்ள வளந்த பெடியன், மாத்தளனில அப்பாவைப் புதைச்சுப்போட்டு வந்தவன், அதை யோசிச்சுப் பாரும். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தா. பிறகு சொன்னா:

"இஞ்ச அடிச்சால் ஓடுறதுக்கு எனக்குக் கனடா கிடக்கு அக்கா. கனடாவுக்கு வந்து அடிச்சால் நான் எங்க ஓடுறது?"

எத்தினையோ பைல் கட்டினனான், இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. விசா எண்டால் எங்களுக்கு இஞ்ச இருந்து அங்க போற வழி. அவவுக்கு அது அவவின்ர கதவின்ர திறப்பு, அதைத்தான் எங்கட கையில தரச் சொல்லி நாங்கள் எல்லாரும் சுத்தி நிண்டனாங்கள். செல்லடிக் கதையும் அப்பிடித்தான். நான் அவவுக்குச் சொல்லுறன், அவவே தர்மபுரத்தில இருந்து இடம்பெயர்ந்து பங்கருக்குள்ள பத்து வயசைக் கழிச்ச பிள்ளை. அம்மா காலில செல் துண்டோட நடக்கிறா. நானும் அதே பங்கருக்குள்ளதான் கிடந்தனான். வீட்டில நாலு பேருக்கும் ஒரே யுத்தம்தான், கை நீட்டினது ஒரு ஆள்.

பிறகு தாளில எழுதி விளங்கப்படுத்தினா, தான் எல்லாம் விசாரிச்சுப்போட்டுத்தான் வந்தது எண்டு. ஸ்பொன்சர் பண்ணினவர் திருப்பி எடுக்கிறது எண்டால் போறவருக்கு பி.ஆர், அதாவது அங்க நிரந்தரமா இருக்கிற உரிமை, கிடைக்க முதல் எடுக்கோணும். கிடைச்சிட்டால் பிறகு இவ கான்சல் பண்ண ஏலாது. அதோட மூண்டு வருசத்துக்கு அவன்ர செலவுக்கு இவதான் பொறுப்பு. பிரிஞ்சாலும் விவாகரத்து எடுத்தாலும் அந்தப் பொறுப்பு போகாது, அவன் அங்க அரசாங்க உதவிப்பணம் எடுத்தால் அதை இவதான் திருப்பிக் கட்டோணும். மெடிக்கல் முடிஞ்சிட்டுது, எந்தக் கிழமையும் பாஸ்போட் கேக்கலாம். ஊர் சொல்லுற "கடைசி நேரத்தில கழுத்தறுத்தாள்" எண்ட அந்தக் கடைசி நேரம் அதுதான். அவவுக்கும் அதுதான் கடைசி நேரம்.

பொலிசுக்குப் போவமா எண்டு கேட்டன். 2005ல வந்த 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், ஒரு வருசம் வரைக்கும் இருக்கும். அந்த விண்ணப்பமும் நான் டைப் பண்ணிக் குடுத்திருக்கிறன், வேற ஆக்களுக்கு. அவ தலையை ஆட்டினா. ஒன்பது நாளில பிளைற், இஞ்ச கட்டளை எடுத்து அங்க என்ன செய்யிறது எண்டு. எனக்கு அது சரியெண்டும் பட்டுது, எங்கட வீட்டுப் பேர் கோட்டுக்குப் போகாது எண்டு உள்ளுக்க ஒரு நிம்மதியும் வந்துது. ரெண்டும்தான்.

கடைக் கொம்பியூற்றரிலதான் செய்தவ. நாலு வரிக் கடிதம். பேர், பைல் நம்பர், நான் என்ர ஸ்பொன்சரைத் திருப்பி எடுக்கிறன், கையெழுத்து. காரணம் ஒரு வரி எழுதி அழிச்சா, திரும்ப எழுதினா, பிறகும் அழிச்சுப்போட்டு அப்பிடியே விட்டா. நான் பிறின்ற் எடுத்தன், அவ கையெழுத்து வச்சா, நான் ஸ்கான் பண்ணினன். அனுப்புற பட்டனை அவதான் அமத்தினா. தம்பி பொறுமையானவர் எண்டு நான் எழுதின அந்த முதல் கடிதத்தில கையெழுத்து வச்சதும் இதே மேசை, இதே பேனைதான், நான் அதைச் சொல்லேல்ல. எழும்பேக்க பழக்கத்தில பேர்சைத் திறந்து நூறு ரூபா வச்சா. நானும் எடுத்து லாச்சிக்குள்ள போட்டன். ஏன் வாங்கினன் எண்டு இண்டைக்கும் தெரியேல்ல.

ரெண்டாவது கடிதம்

அவ போய் மூண்டாம் கிழமை தம்பிக்கு இமெயில் வந்தது. பிறகு நடந்ததை நீங்களே யோசிச்சுக்கொள்ளலாம். பெரியப்பா ஆக்கள் கூடினவை, தர்மபுரத்தில இருந்து அவவின்ர மாமாவைக் கூப்பிட்டு விசாரிச்சவை, அவர் பாவம் தேத்தண்ணியும் குடிக்காமப் போனார். ஒரு கையெழுத்தில என்ர வாழ்க்கையை முடிச்சிட்டாள் எண்டு தம்பி அழுதான். அந்த அழுகை நடிப்பில்ல. ரெண்டு வருசம் வயல் இல்ல, கூட்டாளியள் ஒவ்வொருத்தரா வெளிக்கிட்டிட்டினம், இவன் போறன் போறன் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு நிக்கிறான். அவன்ர இழப்பு இழப்புத்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா முழுக் கூட்டத்திலயும் "நீ ஏனடா அடிச்சனி" எண்டு ஒரு ஆளும் கேக்கேல்ல. பெரியப்பா கேட்டது, "அடிச்சதுக்கு ஏதும் ஆதாரம் வச்சிருக்கிறாளோ?" எண்டு. அந்தத் துண்டை ஸ்கான் பண்ணினவள் நான், வாய் திறக்கேல்ல.

அதுக்குப் பிறகுதான் தம்பி கடைக்கு வந்தவன். ஒரு ஏஜென்ற் சொன்னவராம், பொம்பிளையின்ர சொந்தக்காரர் குழப்பினதால நடந்தது, ரெண்டு பேரும் இப்பவும் சந்தோசமாத்தான் இருக்கினம் எண்டு குடும்பத்தில இருந்து ஒரு கடிதம் போட்டால் பைலைத் திரும்பத் திறப்பினமாம். திறக்க மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும், ஸ்பொன்சர் இல்லாட்டி பைலே இல்ல. ஆனா அவன் அந்தக் கடிதத்தை விசாவுக்கு மட்டும் கேக்கேல்ல. அக்கா தன்ர பக்கம் எண்டு ஒரு தாள் வேணும் அவனுக்கு. பழையதைத் திருத்தி அடிச்சால் போதும் எண்டு நானும் போல்டரைத் திறந்தன். திறக்கேக்க ஒன்பதாம் பக்கம் வந்து நிண்டுது. இருபத்தெட்டுச் சிவப்பு. நேரங்களைப் பாத்தன், பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு பதினொண்டு, பன்னிரண்டு பதினொண்டு, பன்னிரண்டு பதின்மூண்டு. ரெண்டு வருசத்துக்கு முதல் இதைத்தான் பாசம் எண்டு கலரில அடிச்சனான். "ஏலாது" எண்டன். ஏன் எண்டு கேட்டான். நான் பக்கத்து அறையில இருந்தனான் தம்பி எண்டன். கொஞ்ச நேரம் நிண்டான், பிறகு வெளியில போய் மோட்டச்சைக்கிளை உதைச்சான், மூண்டு தரம் உதைச்சுத்தான் ஸ்ராட் பண்ணினது.

ஒண்டு மட்டும் என்னைக் குழப்பிக்கொண்டே இருக்குது, அதையும் எழுதோணும். அந்த நாலு வரிக் கடிதம் ஆரின்ர கையிலயும் அதே நாலு வரிதான். எங்கட ஊரால கலியாணம் கட்டிப் போற பெட்டையளை "ஒரு இமெயில் போட்டன் எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" எண்டு வெருட்டியே வச்சிருக்கிற மாப்பிள்ளையளும் இருக்கினம். கனடாவில 2012ல இருந்து கனபேருக்கு ரெண்டு வருசம் சேர்ந்து இருந்தால்தான் பி.ஆர் நிக்கும் எண்டு ஒரு நிபந்தனை இருந்தது, அடி வாங்கிக்கொண்டும் விட்டிட்டுப் போக ஏலாம இருக்க வைக்குது எண்டு 2017ல எடுத்துப்போட்டினம். ஆனா அந்த வெருட்டு இன்னும் ஓடுது. போன மாசம் முல்லைத்தீவுப் பக்கத்தால ஒரு தாய் வந்து மகளின்ர கதையைச் சொல்லி அழுதவ, பி.ஆர் காட்டின்ர படத்தை ஃபோனில காட்டினா. காட் கையில இருந்தால் புருசன் இமெயில் போட்டு ஒண்டும் செய்ய ஏலாது அம்மா, மகளுக்குச் சொல்லுங்கோ, பொலிசுக்குப் போகச் சொல்லுங்கோ எண்டன். நிச்சயமாத் தெரியுமோ எண்டு மூண்டு தரம் கேட்டா. நிச்சயமாத் தெரியும் எண்டன். எனக்கு இது தெரிஞ்சது மச்சாள் தாளில எழுதிக் காட்டினதாலதான்.

இப்ப தம்பி திரும்ப விதைச்சிருக்கிறான். இந்தக் காலபோகம் பயிர் நல்லா நிக்குது எண்டு கேள்வி, என்னோட கதைக்கிறதில்ல. அம்மா கதைக்கிறா, ஆனா தேவைக்கு. விவாகரத்தை இஞ்ச போடுறது எண்டால் எங்கட சட்டத்தில இருக்கிறது மூண்டே காரணம், சோரம் போறது, வேணுமெண்டு கைவிட்டிட்டுப் போறது, குணப்படுத்தேலாத ஆண்மைக்குறைவு. அடிக்கிறது தனிக் காரணமா இல்ல, அடிச்சுத் துரத்தினதும் கைவிட்டதுதான் எண்டு சட்டத்தரணி வாதாடி நிறுவோணும். அங்க ஒரு வருசம் பிரிஞ்சு இருந்தால் போதுமாம், அதால அவ அங்கயே போடப் போறா. பைலுக்குக் கட்டின காசில 515 டொலர் மட்டும் திரும்பி வந்ததாம்.

தை மாசம் மெசேச் போட்டிருந்தவ, எழுத்துச் சேர்ட்டிபிக்கற்றின்ர நல்ல கொப்பி ஒண்டும் இங்கிலீஸ் மொழிபெயர்ப்பும் வேணும் எண்டு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து எடுத்து, கலரில ஸ்கான் பண்ணி, சீல் வடிவாத் தெரியுதோ எண்டு ரெண்டு தரம் பெருப்பிச்சுப் பாத்து அனுப்பினன். எவ்வளவு அக்கா எண்டு கேட்டா. மொழிபெயர்ப்புக் காசை மட்டும் சொன்னன். காது இப்ப எப்பிடி எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் டைப் பண்ணுற மாதிரிக் காட்டினது, பிறகு நிண்டுது. பின்னேரம்தான் பதில் வந்தது. வலது பக்கத்தில ஃபோனை வச்சுப் பழகியிட்டுது அக்கா எண்டு.